பதினோரு மாத அக்ரிமெண்டும் பதிவும்: தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் சொல்வது என்ன?

"பதினோரு மாத அக்ரிமெண்ட்தானே, பதிவெல்லாம் எதுக்கு?" வீட்டுக்காரரும் சொல்கிறார், புரோக்கரும் சொல்கிறார், குடிவருபவரும் தலையாட்டிவிடுகிறார். 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு செல்லாது. அது செல்லாது என்பது தெரியாமல்தான் பலர் வீட்டைக் காலி செய்யும்படி நோட்டீஸ் வந்த பிறகு ஓடுகிறார்கள்.

பதினோரு மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடுவோம். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கத்தான் ஒரு மாதம் குறைத்து எழுதும் பழக்கம் வந்தது. அது அந்தச் சட்டத்துக்குப் பொருந்தும். ஆனால் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் (42/2017) வேறு. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்தது இது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பதினோரு மாதமானாலும் மூன்று ஆண்டானாலும் இதில் விலக்கு இல்லை. சார்பதிவாளர் வேறு, வாடகை அதிகாரி வேறு. முதலாமவரிடம் போகத் தேவையில்லை என்பதால் இரண்டாமவரிடமும் போக வேண்டாம் என்று எடுத்துக்கொள்வதில்தான் தவறு நேர்கிறது.

வாடகை அதிகாரி என்பவர் மாவட்ட ஆட்சியர் நியமிக்கும், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி. சட்டம் நகர்ப்புறங்களுக்குப் பொருந்தும். குடியிருப்பு, கடை, அலுவலகம் எல்லாமே இதற்குள் வரும். அரசுக் கட்டடங்கள், ஊழியர்களுக்கு நிறுவனம் கொடுக்கும் குவார்ட்டர்ஸ், அறநிலையங்களுக்கும் வக்புக்கும் உரிய கட்டடங்கள் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. கோயில் கட்டடத்தில் குடியிருப்பவர்கள் தங்களுக்கு எந்த விதி பொருந்தும் என்பதைத் தனியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒப்பந்தம் எழுதாமலோ பதியாமலோ விட்டால் என்ன ஆகும்? குடியிருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். வீட்டைக் காலி செய்ய வைப்பதற்கான காரணங்களைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு அடுக்குகிறது. அதில் முதலில் வருவதே, இரு தரப்பும் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியது என்பதுதான். அதாவது ஒழுங்காக வாடகை கட்டி வந்தாலும், ஒப்பந்தம் இல்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டி வாடகை நீதிமன்றத்தில் வீட்டுக்காரர் மனு போடலாம். "நான் பத்து வருஷமா இருக்கேன், ஒரு மாசம்கூட பாக்கி வெச்சதில்லை" என்ற வாதம் அங்கே கை கொடுக்காது. இன்னொரு பக்கம், பதிய வேண்டிய ஆவணத்தைப் பதியாமல் விட்டால் அதைச் சான்றாக ஏற்க முடியாது என்கிறது 4ஏ பிரிவு. பேசிய வாடகை, கொடுத்த அட்வான்ஸ், ஏற்றுவதாகச் சொன்ன சதவீதம் எல்லாம் வெறும் வாய்வார்த்தையாகிவிடும். வாடகையை வங்கி வழியாக அனுப்பியிருந்தால் கட்டியதற்காவது ஆதாரம் மிஞ்சும்.

பதிவை வீட்டுக்காரரும் செய்யலாம், குடியிருப்பவரும் செய்யலாம். வீட்டுக்காரர் முன்வரவில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தம் எழுதிய 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இணையத்தில் தமிழ்நாடு அரசின் வாடகைப் பதிவுத் தளம் (டெனன்சி டாட் டிஎன் டாட் கவ் டாட் இன்) இதற்கென்றே இருக்கிறது. விண்ணப்பத்தில் கேட்கும் விவரங்கள் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவைதான்: இரு தரப்பின் பெயர், முகவரி, பான், ஆதார், வீட்டின் விவரமும் அதை ஒட்டிய இடமும், சாவி கைமாறிய தேதி, வாடகை, மின்சாரம், தண்ணீர், மற்ற சேவைகளுக்கான கட்டணம், வீட்டோடு கொடுத்த பொருட்கள், எத்தனை காலத்துக்கு என்பது. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை இணைக்க வேண்டும். பதிவானதும் ஒரு பதிவு எண் தருவார்கள். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரும் எந்த மனுவுக்கும் அது வேண்டியிருக்கும்.

சிக்கல் வருவது பெரும்பாலும் பெயரில்தான். வீடு அப்பா பெயரில் இருக்கும், அட்வான்ஸ் வாங்கிக் கையெழுத்துப் போட்டது மகனாக இருக்கும். அப்படியானால் மகனுக்குப் பொது அதிகாரப் பத்திரம் வேண்டும், இல்லையென்றால் அப்பாவே கையெழுத்திட வேண்டும். உரிமையாளர் இறந்து வாரிசுகள் இன்னும் பெயர் மாற்றாமல் இருந்தால், வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திடுவது நல்லது. சொத்து வரி ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்டுப் பார்த்துவிடுங்கள். அடுத்த சிக்கல் கதவு எண். பழைய எண், புது எண் இரண்டையும் எழுத வேண்டும். ஒரே கட்டடத்தில் நான்கு போர்ஷன் இருந்தால் "முதல் மாடி, தெற்குப் பக்கப் போர்ஷன்" என்கிற அளவுக்கு எழுதினால்தான் எந்த வீட்டைப் பற்றிய ஒப்பந்தம் என்பது தெளியும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் கடையில் விற்கும் அச்சடித்த படிவத்தில் பாதி விஷயம் இருக்காது. வாடகையையும் பராமரிப்புக் கட்டணத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். வாடகை உயர்வு ஒப்பந்தத்தில் எழுதியபடிதான் நடக்க வேண்டும் என்பதால் எந்த மாதம், எத்தனை சதவீதம் என்று எண்ணிலும் எழுத்திலும் இருக்கட்டும். "அப்போதைய நிலவரப்படி" என்ற சொல்லை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டாம். அதுதான் பின்னாளில் சண்டைக்கு வித்து. மின் இணைப்பு எண்ணையும், சாவி வாங்கிய நாளில் மீட்டர் காட்டிய ரீடிங்கையும் குறிப்பிடுங்கள். சப் மீட்டர் என்றால் யூனிட்டுக்கு எவ்வளவு என்பதும் வேண்டும். ஃபேன் எத்தனை, லைட் எத்தனை, கீசர் இருக்கிறதா, எந்தக் கண்ணாடியில் விரிசல் உள்ளது என்று ஒரு பட்டியலும், தேதியோடு எடுத்த சில போட்டோக்களும் இருந்தால் காலி செய்யும் நாளில் யாரும் குரல் உயர்த்த வேண்டியிருக்காது.

அட்வான்ஸ் பற்றிச் சட்டம் சொல்வதைப் பலர் அரைகுறையாகவே சொல்கிறார்கள். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்பது 11-ஆம் பிரிவு. ஆனால் அதே பிரிவு "மாறான ஒப்பந்தம் இருந்தாலன்றி" என்றுதான் தொடங்குகிறது. பத்து மாத அட்வான்ஸுக்குச் சம்மதித்து நீங்களே கையெழுத்துப் போட்டிருந்தால், அந்த வரம்பைக் காட்டி மீதியைக் கேட்பது எளிதல்ல. எனவே பேரம் பேச வேண்டியது கையெழுத்துக்கு முன்னால்தான். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது ஊர் வழக்கம், சட்ட விதி அல்ல. சுவருக்கு வெள்ளையடிப்பது உரிமையாளர் பொறுப்பு என்றே இரண்டாம் அட்டவணை சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அது பொருந்தும். சாதாரணமாக வாழ்ந்ததால் வரும் தேய்மானத்துக்குக் குடியிருந்தவர் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

அதே அட்டவணையின்படி கட்டடத்தின் அடிப்படைப் பழுது, குழாய் மாற்றுவது, உள்ளும் வெளியும் மின் வயரிங் இவையும் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாயின் வாஷர், சுவிட்ச், பிளக் பாயிண்ட், சாக்கடை அடைப்பு, கதவுக் கைப்பிடி, கொசுவலை போன்ற சின்ன வேலைகள் குடியிருப்பவருடையவை. உள்ளே வந்து பார்க்க வேண்டுமென்றால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

காலி செய்ய வைப்பதற்காகத் தண்ணீரை நிறுத்துவதும் ஃபியூஸைப் பிடுங்குவதும் இன்னும் நடக்கிறது. 20-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, லிஃப்ட், துப்புரவு எதையும் நிறுத்த முடியாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம், அவர் இடைக்கால உத்தரவு போட்டு இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லலாம். மனுவோடு நிறுத்திய தேதி, நேரம், போட்டோ, கடைசியாகக் கட்டிய மின் கட்டண ரசீது எல்லாம் போகட்டும்.

வாடகையை வாங்க மறுத்து, பிறகு "பாக்கி" என்று வழக்குப் போடுவதும் உண்டு. இரண்டு மாத பாக்கி சேர்ந்து, நோட்டீஸ் கொடுத்த பிறகும் ஒரு மாதத்துக்குள் கட்டாமல் இருந்தால் அதுவும் காலி செய்ய வைக்கக் காரணமாகும் என்பதால், வீட்டுக்காரர் வாங்கவில்லை என்றால் சும்மா இருக்கவே கூடாது. மணியார்டராகவோ வங்கி வழியாகவோ தொடர்ந்து இரண்டு மாதம் அனுப்பிப் பாருங்கள். திரும்பி வந்தால், அந்தச் சீட்டுகளோடு வாடகை அதிகாரியிடம் தொகையைச் செலுத்த 14-ஆம் பிரிவு இடம் தருகிறது.

ஒப்பந்த காலம் முடிந்தும் புதுப்பிக்காமல், வீட்டுக்காரரும் காலி செய்யச் சொல்லாமல் இருந்தால், அதே நிபந்தனைகளில் மாதாமாதம் நீடித்ததாகக் கருதப்படும். ஆனால் அதற்கு அதிகபட்சம் ஆறு மாதம்தான். அந்த ஆறு மாதம் ஓடுவதற்குள் புது ஒப்பந்தம் எழுதி, அதையும் பதிந்துவிட வேண்டும். முடிவுத் தேதியை போனில் மூன்று மாதம் முன்பே அலாரமாக வைத்துவிட்டால், புதுப்பிப்பதா வேறு வீடு பார்ப்பதா என்று யோசிக்க நேரமும் கிடைக்கும்.