கண்ணாடியில் விழுந்த வானம்

"கம்ப்யூட்டரில் வானத்தையே மாற்றுகிறார்கள். அப்புறம் எதற்கு ஷூட்டிங்கில் லென்ஸின் முன்னால் ஒரு போலரைசர் பில்டரைத் திருகிக்கொண்டு நிற்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். நியாயமான கேள்விதான்.

டிஐ-யில், அதாவது எடுத்த படத்தின் நிறத்தைக் கம்ப்யூட்டரில் திருத்தும் கட்டத்தில், செய்யக்கூடியது நிறைய. 2000-இல் வந்த 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ்?' படத்தை மிசிசிப்பியின் கோடைப் பச்சையில் எடுத்துவிட்டு, பிறகு காய்ந்த வைக்கோல் நிறத்துக்கு மாற்றினார் ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ். ஃபிலிமில் பச்சை நிறம் பச்சையாகவே பதிந்திருந்ததால் அதை மட்டும் பிடித்து மாற்ற முடிந்தது.

இப்போது ஒரு கார் காட்சி. உள்ளே நாயகி அழுகிறாள், கேமரா வெளியே. முன்கண்ணாடியில் வானம் பளபளக்கிறது. முகத்தின் ஒளியும் வானத்தின் ஒளியும், கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சாரின் ஒரே புள்ளியில் வந்து விழுகின்றன. அது குறித்துவைப்பது கூட்டுத்தொகையை மட்டும். 100 என்றால் அது 30+70-ஆ, 60+40-ஆ? மென்பொருள் ஊகிக்கலாம். ஆனால் அந்தக் கண்ணீர் நடிகையுடையதாக இருக்காது.

லென்ஸை எட்டும்வரை இரண்டு ஒளிக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது: அதிரும் திசை. முகத்தின் ஒளி எல்லாத் திசையிலும் அதிர்கிறது, கண்ணாடியில் பட்டு வரும் ஒளி பெரும்பாலும் ஒரே திசையில். 1808-இல் பாரிஸில் எத்தியேன் லூயி மாலுஸ், லக்சம்பர்க் அரண்மனை ஜன்னல்களில் மின்னிய மாலை வெயிலை எதையும் இரண்டாகக் காட்டும் ஒரு கால்சைட் படிகம் வழியாகப் பார்த்தார். படிகத்தைத் திருப்பத் திருப்ப அதில் தெரிந்த இரட்டைப் பிம்பங்களில் ஒன்று மங்கி மற்றது பிரகாசித்தது. வெயிலை நேராகப் பார்த்தால் அப்படி நடக்காது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கண்ணாடி ஒளியைத் திருப்பி அனுப்புவது பந்து சுவரில் பட்டுத் திரும்புவது போல அல்ல. உள்ளே நுழையும் ஒளி, கண்ணாடியின் எலக்ட்ரான்களை ஆட்டுகிறது. ஆடும் எலக்ட்ரான்கள் உமிழ்வதுதான் பிரதிபலிப்பு. ஆடும் எலக்ட்ரான் பக்கவாட்டில் ஒளி உமிழும், தான் ஆடும் கோட்டின் திசையில் துளியும் உமிழாது. கண்ணாடிக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 56 டிகிரி சாய்வில் ஒளி விழும்போது, ஒருவகை அதிர்வு எலக்ட்ரான்களை ஆட்டும் கோடு, பிரதிபலிப்பு போகவேண்டிய திசையையே சுட்டுகிறது. அதனால் அந்த அதிர்வு திரும்பி வருவதே இல்லை. வருவதெல்லாம் கண்ணாடிப் பரப்புக்கு இணையாக அதிர்வது மட்டும். ஒரு திசை அதிர்வை மட்டும் உள்ளே விடும் போலரைசர் பில்டரைத் திருகி அதை மறித்தால் வானம் காணாமல் போகும், முகம் தெரியும். சென்சார் அதிர்வின் திசையைக் குறித்துவைக்காததால், இந்த வேலையைப் பிறகு செய்ய வழியில்லை.

பில்டர் பாதிக்கு மேல் வெளிச்சத்தை விழுங்கும் என்பது உண்மை. நேரம் ஆகும் என்ற புகாரைத்தான் நான் ஏற்பதில்லை. பூஜைக்கு நல்ல நேரம் பார்த்துக் காத்திருப்பவர்களுக்கு இந்த அரை நிமிடமா பெரிது?

ஸ்டூடியோவில் முன்கண்ணாடியையே கழற்றிவிட்டு எடுத்து, பிரதிபலிப்பைப் பிறகு சேர்ப்பதும் உண்டு. கூட்டல்தானே, அது சுலபம்.

போலரைஸ்டு கூலிங் கிளாஸ் கிடைத்தால், நிற்கும் காரின் முன்கண்ணாடியைப் பார்த்துத் தலையைச் சாய்த்துப் பாருங்கள். அப்படியே பின்கண்ணாடியையும் பாருங்கள். வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அழுக்கு என்று துடைக்கவேண்டாம். கண்ணாடியைச் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்தபோது உள்ளே தங்கிய இறுக்கம் அது.