எதிர்ப்பரிவு அல்ல, இணைப்பரிவு

அக்கா மகள் உயிரியல் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். ‘பரிவு நரம்பு மண்டலம், எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம்’ என்று திரும்பத் திரும்ப வந்தது. நடுவில் நிறுத்தி, “மாமா, எதிர்ப்பரிவுன்னா இரக்கமே இல்லாததா?” என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் தப்பே இல்லை. தமிழ் தெரிந்த யாருக்கும் அந்தச் சொல் அப்படித்தான் கேட்கும். பயிற்சி வகுப்புக் குறிப்பிலும் யூடியூப் பாடத்திலும் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இந்தப் பெயர்கள் எங்கே வருகின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூளையும் தண்டுவடமும் மைய நரம்பு மண்டலம். மூளையிலிருந்து கிளம்பும் 12 இணை நரம்புகளும் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் 31 இணை நரம்புகளும் புற நரம்பு மண்டலம். (இலங்கையில் மண்டலம் என்பதைத் தொகுதி என்பார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும்.) நாம் நினைக்காமலே இதயம், குடல், சுரப்பிகள், ரத்தக்குழாய்களை நடத்துவது தானியங்கு நரம்பு மண்டலம். அதன் இரண்டு பிரிவுகள் சிம்பதெடிக், பாராசிம்பதெடிக். அவற்றின் தமிழ்ப் பெயரில்தான் இந்தச் சிக்கல்.

‘சிம்பதி’ கிரேக்கத்திலிருந்து வந்த சொல். சேர்ந்து உணர்தல், சேர்ந்து நோதல் என்று பொருள். ஓர் உறுப்பு நோகும்போது இன்னோர் உறுப்பும் கூடவே நோவதைப் பழைய மருத்துவர்கள் அப்படிச் சொன்னார்கள். முதுகெலும்பின் இரு பக்கமும் முடிச்சு முடிச்சாக ஓடும் நரம்புச் சங்கிலிதான் உறுப்புகளை அப்படி ஒத்துணர வைக்கிறது என்று நம்பி, 1732-இல் பாரிசில் உடற்கூறியலாளர் வின்ஸ்லோ அதற்கு இந்தச் சொல்லை வைத்தார். தமிழில் ‘பரிவு’ இதற்கு நன்றாகவே பொருந்துகிறது. இன்று பரிவு என்றால் இரக்கம் மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் பரிதல் என்றால் வருந்துதலும்தான். ‘பரிந்தோம்பிக் காக்க ஒழுக்கம்’ என்ற குறளில் ‘பரிந்து’ என்பதற்கு ‘வருந்தி’ என்றுதான் பரிமேலழகர் பொருள் கொள்கிறார். பரிவோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை எல்லாம் அந்த ‘எதிர்’ மேல்தான். 1905-இல் கேம்பிரிட்ஜ் உடலியங்கியலாளர் லாங்லி இன்னொரு பிரிவுக்குப் ‘பாரா’ சேர்த்துப் பெயர் வைத்தார். ‘பாரா’ என்றால் பக்கத்தில், அருகில். பரிவு நரம்புகள் தண்டுவடத்தின் மார்புப் பகுதியிலிருந்தும் மேல் இடுப்புப் பகுதியிலிருந்தும் கிளம்புகின்றன. மற்றது அதற்கு மேலே மூளைத்தண்டிலிருந்தும், கீழே முதுகெலும்பின் அடியில் உள்ள திரிக எலும்புப் பகுதி நரம்புகள் வழியாகவும் கிளம்புகிறது. பரிவுக்கு இரு பக்கமும் இருப்பது என்று, இடத்தைப் பார்த்து வைத்த பெயர் அது. தைராய்டை ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பியை யாராவது ‘எதிர்த்தைராய்டு’ என்கிறார்களா? அப்புறம் இங்கே மட்டும் எதிர் எங்கிருந்து வந்தது?

வேலையைப் பார்த்து வந்தது. பரிவு இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கிறது, மற்றது நிதானப்படுத்துகிறது. பரிவு கண்மணியை விரிக்கிறது, மற்றது சுருக்குகிறது. சரி, எதிர் என்று போட்டுவிடலாம் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அந்த வாதமும் முழுக்க நிற்காது. உமிழ்நீர்ச் சுரப்பியை இரண்டுமே தூண்டுகின்றன. மற்ற பிரிவு நீர்த்த உமிழ்நீரை நிறையச் சுரக்க வைக்கிறது, பரிவு கெட்டியானதைக் கொஞ்சமாக. வியர்வைச் சுரப்பிகளுக்கும் பெரும்பாலான ரத்தக்குழாய்களுக்கும் பரிவு நரம்பு மட்டுமே போகிறது. அங்கே எதிர்க்க ஆளே இல்லை. ஆணுறுப்பு விறைப்பது மற்ற பிரிவின் வேலை, விந்து வெளியேறுவது பரிவின் வேலை. ஒன்று தொடங்க மற்றது முடித்துவைக்கிறது. இதையா எதிர் என்பது?

இதைவிடப் பெரிய தொல்லை மருந்தியலில் இருக்கிறது. பரிவு நரம்பின் வேலையைத் தடுக்கும் மருந்துகள் உண்டு. இதயத் துடிப்பைக் குறைக்கும் புரொப்ரனலால் அந்த வகை. தமிழில் அதை எப்படிச் சொல்வது? பரிவு எதிர்ப்பு மருந்து என்றுதான் இயல்பாக வரும். அந்தப் பெயரைத்தான் ஏற்கெனவே ஒரு நரம்புப் பிரிவுக்குக் கொடுத்துவிட்டோமே! கண்மணி விரிவதற்காகக் கண்ணில் சொட்டுச் சொட்டாக விடும் அட்ரோபின், மற்ற பிரிவைத் தடுப்பது. அது ‘எதிர்ப்பரிவு எதிர்ப்பு மருந்து’ ஆகிவிடும். தமிழில் மருத்துவம் படிக்க வேண்டும் என்று மேடையில் முழங்குகிறோம். அடுத்த அடியிலேயே தடுக்கி விழ வைக்கும் சொல்லைப் பிள்ளைகள் கையில் கொடுக்கிறோம்.

மொழிபெயர்ப்பவர்கள் மூலச் சொல்லின் வேரை ஒரு நிமிடம் பார்க்க வேண்டும், அந்தச் சொல்லிலிருந்து நாளை பிறக்கப்போகும் சொற்களையும் பார்க்க வேண்டும். இரண்டையும் செய்வதில்லை. 2018 நீட் தேர்வில் தமிழ் வினாத்தாளின் 49 வினாக்களில் பிழை என்று வழக்கே நடந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் தரச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சொல் பிழைத்தால் தமிழில் எழுதிய பிள்ளைக்குத்தான் நட்டம்.

சிலர் ‘துணைப்பரிவு’ என்கிறார்கள். எதிரைவிட எவ்வளவோ மேல். ஆனால் துணை என்றதும் துணைத்தலைவர், துணை ஆசிரியர் என்று ஒரு படி கீழே இருப்பது போலத் தோன்றும். இந்தப் பிரிவு பரிவுக்குக் கீழ்ப்பட்டதும் அல்ல, அதற்கு உதவியாளும் அல்ல. கழுத்து வழியாக இறங்கி இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று போகும் வேகஸ் நரம்பு ஒன்றே இந்தப் பிரிவின் பெரும்பங்கைச் சுமக்கிறது. ‘இணைப்பரிவு’ என்றால் பக்கத்தில் இருப்பதும் வருகிறது, சமமாக இருப்பதும் வருகிறது. இந்தச் சொல்லும் புதிதல்ல, ஏற்கெனவே புழங்குவதுதான். அக்கா மகளின் குறிப்பேட்டில் ‘எதிர்’ வந்த இடங்களில் எல்லாம் ‘இணை’ என்று பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். தேர்வு முடியும்வரை பழைய சொல்லை அழிக்க வேண்டாம் என்றாள்.