பக்கவாதத்துக்குப் பின் வரும் நான்காவது மாதம்

பக்கவாதம் வந்து மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களில் யாருக்கும் ஊக்கம் குறைவதில்லை. மகன் காலையில் எழுந்ததும் அப்பாவின் கையை நீட்டி மடக்கிவிடுகிறார்; மருமகள் நேரம் தவறாமல் மாத்திரை கொடுக்கிறார்; பார்க்க வரும் உறவினர்கள், "போன வாரத்துக்கு இப்போ எவ்வளவோ தேவலை" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இயன்முறை மருத்துவராக என்னைக் கவலைகொள்ள வைப்பது அந்த வாரங்கள் அல்ல. மூன்று, நான்கு மாதங்கள் கழிந்தபின் தொடங்கும் காலம்தான்.

பக்கவாதத்துக்குப் பின்னான முன்னேற்றம் முதல் மூன்று மாதங்களில்தான் வேகமாக இருக்கும். அதன்பின் வேகம் குறையுமே தவிர, முன்னேற்றம் நின்றுவிடுவதில்லை. ஆனால் நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமல் போகும் அந்த நாட்களில், "இனி இவ்வளவுதான்" என்று குடும்பம் முடிவுகட்டிவிடுகிறது. பயிற்சி ஒருநாள் விட்டு ஒருநாள் என்றாகி, பிறகு வாரம் ஒருமுறை என்றாகி, கடைசியில் நின்றே போகிறது. பல மாதங்கள் கழித்து அவர்கள் மீண்டும் வரும்போது விரல்கள் உள்ளங்கைக்குள் இறுகி, தோள்பட்டை அசைத்தாலே வலிக்கும் நிலையில் இருக்கும்.

பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதி, பெரும்பாலும் இரத்த ஓட்டமின்றி, அழிந்துவிடுகிறது. அழிந்த செல்கள் மீண்டும் உயிர்பெறுவதில்லை. ஆயினும் அக்கம்பக்கத்திலுள்ள நல்ல பகுதிகள், இழந்த வேலையில் ஒரு பங்கையாவது ஏற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள முடியும். அந்தக் கற்றலுக்கு ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப, பலநூறு முறை, அதுவும் நோயாளியே முயன்று செய்ய வேண்டியிருக்கிறது. மற்றவர் பிடித்து அசைத்துவிடுவது மூட்டு இறுகாமல் காக்க உதவும். ஆனால் மூளை கற்றுக்கொள்வதற்கு நோயாளியின் சொந்த முயற்சியே வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாதிக்கப்பட்ட கையால் ஒரு வேலையைச் செய்து பார்த்து, முடியாமல் போய், நல்ல கையாலேயே எல்லாவற்றையும் செய்யப் பழகிவிட்டால், ஓரளவு அசையக்கூடிய கைகூடப் பயன்படாமலே கிடந்துவிடுகிறது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் இதை ஆராய்ந்து, நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டுப் பலவீனமான கையையே வேலை செய்யவைக்கும் சிகிச்சைமுறையை உருவாக்கினார். பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதங்கள் ஆனவர்களிடம் இதைச் சோதித்து 2006-இல் வெளியான பெரிய ஆய்வு, இரண்டே வாரத் தீவிரப் பயிற்சியில் கிடைத்த பலன் ஓராண்டுக்குப் பிறகும் நிலைத்திருந்ததைக் காட்டியது. கையில் சிறிதளவாவது அசைவு மீந்திருப்பவர்களுக்கே இந்த முறை பொருந்தும்.

அந்த உறையின் வேலையைப் பக்தி செய்ததை நான் ஒரு நெசவாளரிடம் கண்டேன். வலப்பக்கம் பாதிக்கப்பட்ட அந்தப் பெரியவர் சாப்பிடுவது முதல் எல்லாவற்றையும் இடக்கைக்கு மாற்றிக்கொண்டார். திருநீற்றை மட்டும் மாற்றவில்லை. "சாமிகிட்ட இடது கையை நீட்ட மனசு வரல" என்றார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் திருநீற்றைக் கிள்ளி, சிந்தாமல் மணிக்கட்டைத் திருப்பி, முழங்கையை மடக்கி, தோளை உயர்த்தி நெற்றிவரை கொண்டுபோவது பக்கவாதம் வந்த கைக்கு எத்தனை கடினம் என்பது இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். மாதக்கணக்கில் திருநீறு சட்டையில்தான் கொட்டியது. நெற்றி எட்டவில்லை என்பதற்காக அவர் காலைப் பூசையையோ மாலைப் பூசையையோ நிறுத்தியதில்லை. அவர் மறுபடி தறியில் உட்காரவில்லை. ஆனால் திருநீறு பூசவும், சட்டைப் பொத்தானைப் போடவும், தட்டில் சோற்றைப் பிசையவும் அந்தக் கை திரும்பியது. "முன்னெல்லாம் குளிச்சதும் அவசரமா பூசிக்கிட்டு ஓடுவேன். இப்பதான் நின்னு கும்பிடுறேன்" என்று அவர் ஒருநாள் சொன்னதை, அவர் கைக்குக் கிடைத்த முன்னேற்றத்துக்குச் சற்றும் குறைந்ததாக நான் நினைக்கவில்லை.

ஜெபமாலை உருட்டும் கிறிஸ்தவ அம்மாக்களிடமும், தஸ்பீஹ் மணிகளை ஒவ்வொன்றாகத் தள்ளும் இஸ்லாமியப் பெரியவர்களிடமும் இதே உறுதியைப் பார்க்கிறேன். நாள் தவறாத வழிபாட்டில் ஊறியவர்களுக்குப் பலன் தெரியாத நாட்களிலும் ஒன்றைச் செய்துகொண்டிருப்பது புதிதல்ல. மனம் ஒட்டாத நாளிலும் விளக்கேற்றியும் தொழுதும் பழகியவர்கள் அவர்கள். ஆகவே, பயிற்சிக்குத் தனியாக நேரம் ஒதுக்கச் சொல்வதைவிட, அவரவர் வழிபாட்டு நேரத்தோடு அதைச் சேர்த்துவிடச் சொல்வதே என் வழக்கம். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்குக் காலைச் செய்தித்தாளோ மாலைத் தேநீரோ அந்த வேளையைத் தரும்.

எல்லாரிடமும் விடாமுயற்சியை எதிர்பார்த்துவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. பேச்சைக் குறைத்துக்கொண்டு, சாப்பாட்டில் நாட்டமின்றி, சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரை "உங்களுக்கு மனஉறுதியே இல்லை" என்று கடிந்துகொள்வது கொடுமை. அவருக்கு முதலில் தேவை மனநல மருத்துவரின் உதவி.

தவறான ஒன்றை விடாமல் செய்வதாலும் தீங்கு உண்டு. விரல்கள் ஏற்கெனவே உள்நோக்கி இறுகத் தொடங்கியவரிடம் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொல்வது பல வீடுகளில் நடக்கிறது. அத்தகையவருக்கு விரலை மடக்குவதைவிட விரிக்கும் பயிற்சியே முக்கியம். பாதிக்கப்பட்ட கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு விலகக்கூடும். நாட்டு வைத்தியம் என்று சிலர் செய்வதுபோல் பாதிக்கப்பட்ட கைகாலில் புறா இரத்தம் தேய்ப்பதால் எந்தப் பயனும் இல்லை. அதில் கழியும் வாரங்கள் முன்னேற்றம் வேகமாக இருக்கும் காலத்திலிருந்து போகின்றன.

உடற்பயிற்சியைவிட எளிதாகக் கைவிடப்படுவது இரத்த அழுத்த மாத்திரை. அழுத்தம் சரியாக இருக்கிறதே என்று மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிடுகிறார்கள்; சரியாக இருப்பதற்குக் காரணமே அந்த மாத்திரைதான். ஒருமுறை பக்கவாதம் வந்தவருக்கு மறுமுறை வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் ஒருநாள்கூட விடுப்பு கூடாது.

பயிற்சியை நிறுத்திப் பல மாதங்கள் ஆகியிருந்தாலும் மீண்டும் தொடங்கலாம். வெளியே அழைத்துச்செல்ல முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கப்படுகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பெயரைப் பதிவுசெய்துகொள்ளுங்கள்.