பொதுப் பணமும் விளையாட்டு ஒளிபரப்பு உரிமையும்

விளையாட்டு ஒளிபரப்பு உரிமை ஒப்பந்தங்களைப் படித்துத் திருத்துவது என் தொழில். மக்கள் பணத்தில் இயங்கும் தொலைக்காட்சி ஏன் ஆட்டங்களுக்குக் கோடிகளைக் கொட்ட வேண்டும் என்று கேட்பவர்களே, நாட்டு அணி ஆடுவதைப் பார்க்கச் சந்தா கட்ட வேண்டியிருப்பதையும் குறை சொல்வார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் விடை சொல்வதற்கு முன், அந்த ஒப்பந்தத்தில் எது விற்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

உரிமை விலையில் பெரும்பகுதி தனியுரிமைக்கானது, அதாவது ஒருவர் மட்டுமே காட்டும் உரிமைக்கானது. வேறு எங்கும் பார்க்க முடியாது என்ற நிலை இருந்தால்தான் சந்தா வரும் என்பதால், கட்டணச் சேனல் அதற்கு எவ்வளவும் கொடுக்கும். பொது ஒளிபரப்பாளரின் கடமையோ எல்லோரும் பார்க்கும்படி செய்வது. தான் மட்டுமே காட்ட வேண்டும் என்ற தேவை அதற்கு இல்லை. ஆகவே ஏலத்தில் தனியுரிமைக்காக மோதும் பொது ஒளிபரப்பாளர், தன் கடமைக்கு உதவாத ஒன்றுக்குத்தான் பொதுப் பணத்தைக் கொடுக்கிறார் என்பது என் கருத்து.

இந்தியா இதற்குச் சட்டத்தின் வழியே தீர்வு கண்டது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவிக்கப்பட்ட போட்டிகளின் நேரலைச் சிக்னலை, உரிமை பெற்றவர் தம் விளம்பரங்களை நீக்கி, தூர்தர்ஷனை நடத்தும் பொது ஒளிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்கிறது 2007ஆம் ஆண்டுச் சட்டம். அதைக் காட்டிப் பிரசார் பாரதி ஈட்டும் தொலைக்காட்சி விளம்பர வருவாயில் குறைந்தது 75 விழுக்காடு உரிமையாளருக்குப் போய்விடும். முன்பணம் இல்லை, ஏலம் இல்லை. அதே சிக்னல் தனியார் கேபிள் வழியாகவும் இலவசமாகப் போய், பணம் கொடுத்தவரின் சந்தாவைத் தின்றதால் வழக்கு எழுந்தது. பகிரப்பட்ட சிக்னல் தூர்தர்ஷனின் தரைவழி, டிடிஹெச் சேவைகளுக்கு மட்டுமே உரியது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியது. கட்டாயப் பகிர்வுக்கும் எல்லை வேண்டும் என்பதால், அந்தத் தீர்ப்பு சரியென்றே நினைக்கிறேன்.

பிரிட்டனின் ஏற்பாடு வேறு. அங்கே அரசு பட்டியலிட்ட முக்கியப் போட்டிகளின் உரிமையாளர், அவற்றை இலவசச் சேனல்களுக்கும் நியாயமான விலையில் விற்க முன்வர வேண்டும். வாங்கியே தீர வேண்டும் என்று எந்தச் சேனலையும் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. பணம் இல்லாத பொது ஒளிபரப்பாளருக்கு அந்தப் பாதுகாப்பால் பயனில்லை. நேரலைக்கான முழுப் பாதுகாப்பு இல்லாமற்போன இங்கிலாந்தின் உள்ளூர் டெஸ்ட் ஆட்டங்களோ, 2005 ஆஷஸ் தொடரை இலவசச் சேனலில் நாடே பார்த்து முடித்த மறு ஆண்டே கட்டணச் சேனலுக்குப் போய்விட்டன.

ஒலிம்பிக்கில் இன்னொரு வழி தெரிகிறது. 2018 முதல் 2024 வரையிலான ஐரோப்பிய உரிமையை 130 கோடி யூரோவுக்கு டிஸ்கவரி வாங்கியபோதும், கோடைக்காலப் போட்டிகளில் குறைந்தது 200 மணி நேரமும் குளிர்காலப் போட்டிகளில் 100 மணி நேரமும் இலவசமாகக் காட்டப்பட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. ஜெர்மனியின் பொது ஒளிபரப்பாளர்கள் அதனிடமிருந்து துணை உரிமம் வாங்கிக் காட்டினார்கள். விற்பவரே இப்படி நிபந்தனை வைப்பதுதான் எனக்குத் தெரிந்தவரை சச்சரவு குறைந்த முறை. பொது ஒளிபரப்பாளருக்கு ஆலோசனை சொல்லும்போது நான் முதலில் தேடிப் பார்ப்பதும் துணை உரிமப் பிரிவைத்தான்.

இவ்வளவு சொன்னாலும், துணிந்து பணம் கொடுக்க வேண்டிய இடமும் உண்டு. 2023 பெண்கள் கால்பந்து உலகக் கோப்பைக்கு ஐரோப்பிய ஒளிபரப்பாளர்கள் தர முன்வந்த விலை மிகக் குறைவு என்று ஃபிஃபா தலைவர் வெளிப்படையாகக் கண்டித்து, ஒளிபரப்பே நின்றுபோகலாம் என்று எச்சரித்தார். தொடருக்கு ஏறத்தாழ ஒரு மாதம் இருக்கையில்தான் பொது ஒளிபரப்பாளர்களின் கூட்டமைப்பான ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்துடன் உடன்பாடு ஏற்பட்டது. சந்தை இன்னும் விலை வைக்காத பெண்கள் ஆட்டங்கள், மாற்றுத்திறனாளர் போட்டிகள், சிறு சங்கங்களின் போட்டிகள் ஆகியவற்றில், பொது ஒளிபரப்பாளர் தரும் உரிமைத் தொகையும் படப்பிடிப்புச் செலவும்தான் அந்த ஆட்டத்தைத் திரைக்குக் கொண்டுவருகின்றன. அங்கே இலவசமாகக் கேட்பது சுரண்டல்.

பார்வையாளர்கள் கேட்க வேண்டிய ஒன்று மிச்சமிருக்கிறது. இத்தகைய ஒப்பந்தங்களில் விலையை வெளியிடக் கூடாது என்ற ரகசியப் பிரிவு வழக்கமாக இடம்பெறும். தனியார் இருவருக்கிடையே அது இருந்துவிட்டுப் போகட்டும். பொதுப் பணம் கைமாறும் ஒப்பந்தத்தில், போட்டி முடிந்த பிறகாவது விலை வெளியாக வேண்டும் என்று கையெழுத்துக்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ள முடியும்.