பேர்ட்விங்குக்கு எந்தக் கொடி?

பள்ளிகளுக்கும் தோப்பு வீடுகளுக்கும் பட்டாம்பூச்சித் தோட்டம் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஆனைமலை அடிவாரத்துக்காரர்கள் முதலில் கேட்பது, "அந்தக் கறுப்பு மஞ்சள் பெருசு வருங்களா?" சதர்ன் பேர்ட்விங்கைத்தான் கேட்கிறார்கள். இறக்கை விரித்தால் முக்கால் சாண் இருக்கும்.

சென்ற ஆண்டு ஒரு வீட்டில் அவர்களே ஒரு கொடியை வாங்கிப் பந்தலில் ஏற்றியிருந்தார்கள். குழாய்போல வளைந்த பூ, வாயெல்லாம் ஊதாத் திட்டு. "பேர்ட்விங் கொடின்னு சொல்லித்தாங்க நர்சரியில குடுத்தாங்க." பாதி உண்மை. பேர்ட்விங் புழு தின்னும் அரிஸ்டோலோகியாக் கொடி இனம்தான், ஆனால் தென் அமெரிக்காவின் எலிகன்ஸ் வகை. பிடுங்கச் சொன்னேன். வீட்டம்மாவுக்கு முகம் வாடிவிட்டது.

பேர்ட்விங்குகள் மூன்று பேரினங்கள்: ட்ரோய்டிஸ், ஆர்னிதாப்டெரா, ட்ரோகனாப்டெரா. இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரையுள்ள மழைக்காடுகளே அவற்றின் தாய்வீடு. நம் தோட்டத்துக் காமன் ரோஸ், கிரிம்சன் ரோஸ் பட்டாம்பூச்சிகளும் இவற்றின் பங்காளிகள். இந்தக் கூட்டத்துப் புழுக்களுக்கு அரிஸ்டோலோகியாக் குடும்பத்து இலைதான் சோறு. அதிலுள்ள நஞ்சு உடம்பில் தங்கிவிடுவதால் பறவைகள் தொடத் தயங்கும்.

நம்மூர் சதர்ன் பேர்ட்விங்குக்கு மினோஸ் என்ற பெயர், டச்சுப் பூச்சியியலாளர் கிராமரின் நூலில் 1779இல் வெளியானது. பிற்பாடு வெகுகாலம் அதை ஹெலினா என்ற இன்னொரு பேர்ட்விங்கின் துணையினம் என்றே எழுதிவந்தார்கள். மனிதர்கள் இறக்கையைப் பார்த்து வகை பிரிக்கிறோம். தாய்ப்பூச்சியோ முன்னங்காலால் இலையைத் தட்டி, ருசி பார்த்துச் செடியைக் கண்டுபிடிக்கிறது. எலிகன்ஸிடம் அது ஏமாறுவதும் இங்கேதான்.

ஆஸ்திரேலியாவின் ரிச்மண்ட் பேர்ட்விங்குக்கு நேர்ந்தது இதுதான். மழைக்காட்டை வெட்டியதில் அதன் சொந்தக் கொடி அருகிப்போனது. அழகுக்கு வளர்த்த எலிகன்ஸ் தோட்டங்களைத் தாண்டிப் பரவியது. தாய்கள் அதில் முட்டையிட்டன; பொரிந்த புழுக்கள் இலையைத் தின்று செத்தன. இப்போது குயின்ஸ்லாந்தில் மக்களே எலிகன்ஸைக் களைந்து, பழைய கொடியைத் தேடி நடுகிறார்கள்.

நான் நடுவது நம்மூர் அரிஸ்டோலோகியாவான ஈஸ்வரமூலி. காட்டிலிருந்து பிடுங்கி வருபவரிடம் வாங்க மாட்டேன். விதை போட்டு வளர்த்த கன்றுதான். இரண்டு மூன்று கொடியாவது வேண்டும், ஒற்றைக் கொடியைப் புழுக்கள் மொட்டையடித்துவிடும்.

ஆவணியில் அந்த வீட்டம்மா ஒரு படம் அனுப்பினார். கருஞ்சிவப்புப் புழு, உடம்பெல்லாம் சதைமுள், நடுவில் வெள்ளைப் பட்டை. "பேர்ட்விங் வந்துருச்சுங்க!" பெரிதாக்கிப் பார்த்தேன். பேர்ட்விங் புழுவுக்குப் பட்டை சாய்வாக இருக்கும். இதில் வளையமாக, நேராகச் சுற்றியிருந்தது. காமன் ரோஸ். சொன்னதும் சற்று யோசித்துவிட்டு, "சரி, பங்காளிதானே, தின்னுட்டுப் போகட்டும்" என்றார்.