வரம்பு போட்டால் செலவு நிற்குமா?

ஒரு நிறுவனத்தில் நான்கைந்து டீம்கள் ஒரே மென்பொருள் கணக்கைப் பயன்படுத்துகின்றன. அது இணையம் வழியாக வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வராக இருக்கலாம், நம் புரோகிராம் ஏஐ மாடலை அழைக்க உதவும் இணைப்பான ஏபிஐயாகவும் இருக்கலாம். அட்மின் செட்டிங்ஸுக்குள் போய் ‘டெஸ்டிங் டீம், மாதம் 20,000 ரூபாய்’ என்று எழுதி சேவ் செய்கிறார். தொகை தீர்ந்ததும் எல்லாம் தானாக நின்றுவிடும் என்று நம்பித்தான் பலரும் அந்தப் பக்கத்தை மூடுகிறார்கள். பல சேவைகளில் அப்படி நிற்பதில்லை.

பட்ஜெட் வைப்பதால் மட்டும் செலவு தடுக்கப்படாது என்று கூகுள் கிளவுட் தன் ஆவணத்திலேயே சொல்லியிருக்கிறது. செலவு 50, 90, 100 சதவீதத்தைத் தொடும்போது மெயில் வரும், அவ்வளவுதான். அமேசானின் ஏடபிள்யூஎஸ் பட்ஜெட்டும், நாமாக ஒரு நடவடிக்கையை அதோடு இணைத்து வைக்காதவரை, எச்சரிக்கை மட்டுமே தரும். அந்த எச்சரிக்கையும் உடனே வராது. பட்ஜெட் கணக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் மூன்று முறைதான் புதுப்பிக்கப்படுகிறது. பொதுவாக ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 8 முதல் 12 மணி நேரம் ஆகும். ராத்திரி பத்து மணிக்கு ஒரு புரோகிராம் முடிவில்லாத லூப்பில் மாட்டிக்கொண்டால், விடிந்து எல்லாரும் வேலைக்கு வந்த பிறகுதான் விஷயமே தெரியவரலாம்.

ஏன் இந்தத் தாமதம்? பயன்பாடு நடக்கும் இடம் வேறு, பணக்கணக்கு நடக்கும் இடம் வேறு. சர்வர் ‘இந்த வாடிக்கையாளர், இந்த வேலை, இத்தனை விநாடி’ என்று ஒரு பதிவை மட்டும் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். உலகம் முழுக்க உள்ள தரவு மையங்களிலிருந்து இந்தப் பதிவுகளைத் திரட்ட வேண்டும். நெட்வொர்க் கோளாறால் ஒரே பதிவு இரண்டு முறை வந்திருந்தால், அதன் அடையாள எண்ணைப் பார்த்து ஒன்றை நீக்க வேண்டும். அப்புறம்தான் விலை போடுவது: இலவச அளவு, மொத்தப் பயன்பாட்டுத் தள்ளுபடி, ஒப்பந்த விலை எல்லாம் அந்தக் கட்டத்தில்தான் சேரும். இவ்வளவும் முடிந்து வரும் தொகையைத்தான் நம் வரம்போடு ஒப்பிடுகிறார்கள்.

சரி, உடனுக்குடன் எண்ணினால் என்ன? அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. டீமின் கணக்கில் 100 ரூபாய் மீதம், ஒரு வேலைக்கு 30 ரூபாய் வரை ஆகலாம் என்று வைத்துக்கொள்வோம். பத்து கோரிக்கைகள் ஒரே நொடியில் வருகின்றன. ஒவ்வொன்றும் மீதத்தைப் பார்க்கிறது, 100 இருக்கிறது, உள்ளே போகிறது. முடிவில் 300 ரூபாய் வரை செலவு. பார்ப்பதற்கும் கழிப்பதற்கும் நடுவே உள்ள சின்ன இடைவெளிதான் காரணம்.

இதற்கான வழி, முதலில் தொகையை ஒதுக்கிவிட்டு வேலை முடிந்ததும் கணக்கை நேர்செய்வது. மீதத்தைப் பார்ப்பதும் 30 ரூபாயை ஒதுக்குவதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக நடக்க வேண்டும். அப்படிச் செய்தால் 100 என்பது 70, 40, 10 என்று இறங்கும். நான்காவது கோரிக்கைக்கு இடமில்லை. முதல் வேலை முடிந்து, உண்மையில் 8 ரூபாய்தான் ஆனது என்று தெரிந்தால் 22 ரூபாய் திரும்பி வரும். மீதம் 32 ஆகிவிடுவதால் இன்னொரு கோரிக்கை உள்ளே போகலாம். ஏஐ சேவைகளில் பதில் எவ்வளவு நீளும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆனால் அதிகபட்ச டோக்கன் (ஏஐ மாடல் உரையை உடைத்து எண்ணும் சிறு துண்டு) எண்ணிக்கையைக் கோரிக்கையிலேயே குறிப்பிட முடியும். அதை வைத்து எவ்வளவு ஒதுக்குவது என்று தீர்மானிக்கலாம்.

இந்த வித்தையை நம் பிரீபெய்டு சிம்மின் உலகம் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டது. 2005-இல் வெளியான ஆர்எஃப்சி 4006 என்ற இணையத் தரநிலை இதை விரிவாக வகுத்திருக்கிறது. நெட்வொர்க் முழு இருப்பையும் கேட்காது. ஒரு சிறு பங்கைக் கேட்டு வாங்கி, அது தீர்ந்ததும் அடுத்ததைக் கேட்கும். இருப்பு முடியப்போகும்போது ‘இதுதான் கடைசிப் பங்கு’ என்ற குறிப்போடு வரும். பல ஊர்களில் சர்வர் வைத்திருக்கும் சேவைகளுக்கும் இதே முறை பொருந்தும். பங்கு பெரிதாக இருந்தால் வேகம் கிடைக்கும், ஆனால் பயன்படாத பணம் அங்கங்கே முடங்கிக் கிடக்கும். சிறிதாக இருந்தால் கணக்கு துல்லியமாக இருக்கும், ஆனால் மையக் கணக்கைக் கேட்டுக் கேட்டே நேரம் போகும்.

இவ்வளவு வழி இருந்தும் கிளவுட் நிறுவனங்கள் கறாரான தடையைப் பொதுவாகத் தராததற்கு நியாயமான காரணம் உண்டு. சர்வரை நிறுத்தலாம், சேமித்து வைத்த கோப்புக்கு வாடகை ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதையும் நிறுத்துவதென்றால் கோப்பை அழிக்க வேண்டும். பட்ஜெட் தாண்டியது என்பதற்காக வாடிக்கையாளர்களின் தரவை யாரும் இழக்க விரும்பமாட்டார்கள்.

டீம்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் மொத்த வரம்பு 1,00,000 ரூபாய்; ஐந்து டீம்களுக்குத் தலா 30,000 என்று வைத்தால் கூட்டுத்தொகை 1,50,000. எல்லா டீமும் ஒரே மாதத்தில் முழுதாகச் செலவழிக்காது என்ற கணிப்பில் இப்படி வைப்பது வழக்கம்தான், தவறும் இல்லை. ஆனால் மூன்று டீம்கள் 30,000-ஐத் தொட்டு, நான்காவது 10,000 செலவழித்ததும் மேல்வரம்பு மூடிக்கொள்ளும். ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காத ஐந்தாவது டீமும் அதோடு நின்றுபோகும். அதனால் வாடிக்கையாளர் நேரடியாகப் பயன்படுத்தும் சேவையைத் தனிக் கணக்கில் வைத்து, அதற்கு எச்சரிக்கையும் அதைப் பார்க்கப் பொறுப்பான ஓர் ஆளும் போதும் என்று விடுவதே நல்லது என்பது என் கருத்து. சோதனை வேலைகளுக்குத்தான் கறாரான தடை வேண்டும். லூப்பில் மாட்டுவதும், கணக்கைத் திறக்கும் ரகசியச் சாவி கசிவதும் பெரும்பாலும் அங்கேதான்.

தமிழில் வேலை செய்யும் டீமுக்கு வரம்பு வைக்கும்போது டோக்கன் கணக்கையும் பார்க்க வேண்டும். ஓபன்ஏஐ 2024 மே மாதம் ஜிபிடி-4ஓவை வெளியிட்டபோது மாதிரிப் பகுதி ஒன்றைப் பல மொழிகளில் காட்டியது. ஆங்கிலத்தில் அது பழைய மாடலின் 27 டோக்கனிலிருந்து புதியதில் 24 ஆனது. தமிழில் 116-லிருந்து 35. பழைய மாடலில் தமிழ்ப் பகுதிக்கு ஆங்கிலத்தைப் போல நான்கு மடங்குக்கும் மேல் டோக்கன் செலவாகியிருக்கிறது. ஆகவே ஆங்கில டீமின் பழைய பில்லைப் பார்த்துத் தமிழ் டீமுக்கு வரம்பு வைக்கக் கூடாது. எந்த மாடல் என்று பார்த்து, சொந்த உரையிலேயே ஒரு நாள் ஓட்டி அளந்துவிட்டு வைக்க வேண்டும். மாதம் எப்போது புரள்கிறது என்பதையும் டீமிடம் சொல்லிவிடுங்கள். ஏடபிள்யூஎஸ் போல யூடிசி என்ற உலகப் பொது நேரத்தைப் பின்பற்றும் சேவைகளில் நம் ஊர்க் கணக்குப்படி ஒன்றாம் தேதி காலை 5:30-க்குத்தான் புது மாதம் பிறக்கும்.