தண்ணீர் குடித்தால் எடை குறையுமா? முதலில் சீனிப் பைக்கற்றைப் பாருங்கள்

காலையில் வெறும் வயிற்றில் இரண்டு கிளாஸ் சுடுதண்ணீர், அதில் தேசிக்காய்ப் புளி, ஒரு கரண்டி தேன். ஒரு மாதத்தில் வயிறு வற்றிவிடும் என்கிறார்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எடை குறைக்க ஆலோசனை கேட்டு வருபவர்களில் பலர் இதைச் செய்துபார்த்துச் சலித்த பிறகுதான் வருகிறார்கள். தேசிக்காயில் குற்றமில்லை. ஆனால் ஒரு மேசைக்கரண்டி தேனில் 60 கிலோகலோரிக்கு மேல் இருக்கிறது. எடை குறைக்க எடுத்த முதல் வாயிலேயே வரவு ஏறிவிடுகிறது.

தண்ணீர் கொழுப்பைக் கரைக்காது. சுடுதண்ணீர் விட்டால் சட்டியில் ஒட்டிய எண்ணெய் கழன்று போகிறதே என்று தோன்றலாம். நம் கொழுப்பு குடலில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. தோலுக்கு அடியிலும் வயிற்று உறுப்புகளைச் சுற்றியும் உள்ள கலங்களுக்குள் இருக்கிறது. குடித்த தண்ணீர் அங்கு போய்ச் சேரும்போது சூடும் இல்லை, குளிரும் இல்லை, உடம்பின் வெப்பநிலைக்கு வந்திருக்கும். ஐஸ் தண்ணீரைச் சூடாக்க உடம்பு சக்தி செலவழிக்கும் என்று இன்னொரு கதை உண்டு. அது உண்மைதான், அளவைத்தான் யாரும் சொல்வதில்லை. 5 பாகையில் உள்ள அரை லீற்றரை 37 பாகைக்குக் கொண்டுவர 16 கிலோகலோரி போதும். ஒரு தட்டைக் கரண்டிச் சீனியின் கணக்கு அது.

அந்தச் சீனியில்தான் விஷயம் இருக்கிறது. வீட்டில் ஒரு சின்னப் பரிசோதனை செய்யுங்கள். ஒரு கிலோ சீனிப் பைக்கற்றை உடைக்கும் நாளில் அதன் மேல் திகதியை எழுதிவையுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் அது நாலு நாளில் முடிந்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 62 கிராம், ஏறக்குறைய 250 கிலோகலோரி. ஒரு கிலோ உடற்கொழுப்பில் அடங்கியிருப்பது சுமார் 7,700 கிலோகலோரி. அந்தச் சீனி முழுவதையும் விட்டுவிட்டு வேறொன்றையும் கூட்டாமல் இருந்தால் ஒரு மாதத்தில் ஒரு கிலோ என்று வரும். இது காகிதக் கணக்கு, உடம்பு இவ்வளவு நேர்த்தியாக நடக்காது. ஆனாலும் திசை இதுதான். சேர்த்துக்கொள்ளும் சீனி ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு தட்டைக் கரண்டிக்குள் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை.

தட்டைக் கரண்டி என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். தேக்கரண்டியில் சீனியை அள்ளி மேலே கத்தியால் வழித்துவிட்டால் 4 முதல் 5 கிராம் நிற்கும். நம் வீடுகளில் யார் வழிக்கிறார்கள்? குவித்துப் போடும் கரண்டியில் 7, 8 கிராம் ஏறிவிடும். "ரெண்டு கரண்டிதான் போடுறன்" என்பவர் உண்மையில் நாலு கரண்டிக்குக் கிட்டப் போட்டுக்கொண்டிருக்கலாம். பால் தேத்தண்ணி என்றால் முழு ஆடைப் பால்மாவின் இரண்டு கரண்டி இன்னும் 50, 60 கிலோகலோரியைச் சேர்க்கும். வெறுந்தேத்தண்ணியோடு பனங்கட்டி கடிப்பவர்கள் "சீனியே போடுறதில்ல" என்று சொல்வதும் உண்டு. பனங்கட்டியும் சீனிதான்.

எடை குறைப்பில் தண்ணீரின் பெரிய வேலை, இனித்த பானம் இருந்த இடத்தில் தான் போய் உட்காருவது. நாளுக்கு ஐந்து தேத்தண்ணி குடிப்பவர் மூன்றை வைத்துக்கொண்டு, பத்து மணிக்கும் நாலு மணிக்கும் உரியதைத் தண்ணீராக்கலாம். மீதி மூன்றிலும் சீனியை ஒரேயடியாக நிறுத்தினால் நாலாம் நாள் பழையபடிதான். வாரத்துக்கு அரைக் கரண்டி குறையுங்கள். பெரும்பாலானோரின் நாக்கு சில வாரங்களில் பழகிக்கொள்ளும், பிறகு பழைய தேத்தண்ணிதான் திகட்டும். சோறு சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பதையும் ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். தேயிலையில் உள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் உணவிலுள்ள இரும்புச்சத்தை உறிஞ்ச விடாது, நம் பெண்களுக்கு இரத்தச்சோகை புதிதில்லை.

சோடாப் போத்தலில் பார்க்க வேண்டியது நிற வட்டமும் அதன் பக்கத்தில் உள்ள கிராம் கணக்கும். 2016 முதல் இலங்கையில் மென்பானங்களுக்குச் சீனி அளவைக் காட்டும் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை அடையாளம் உண்டு. 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் என்றிருந்தால் அரை லீற்றர்ப் போத்தலில் 50 கிராம், பன்னிரண்டு தட்டைக் கரண்டி. வயலில் களைப்புக்கு என்று குடிக்கும் சக்திப் பானங்களையும் இப்படியே பெருக்கிப் பாருங்கள். செவ்விளநீர் இவற்றைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அது தண்ணீராகாது, 400 மில்லிலீற்றரில் ஏறக்குறைய 80 கிலோகலோரி இருக்கிறது. தாகத்துக்குச் சுவையாக ஏதாவது வேண்டுமென்றால் மோர் நல்லது. நம் எருமைத் தயிரில் மேலாடையை எடுத்துவிட்டு இரண்டு மேசைக்கரண்டி தயிர், ஒரு கிளாஸ் தண்ணீர், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, உப்பு ஒரு சிட்டிகை.

தண்ணீரின் இரண்டாவது வேலை சாப்பாட்டுக்கு முன்னால். 2010இல் அமெரிக்காவில் 55 முதல் 75 வயதானோரை வைத்து 12 வாரம் பார்த்தார்கள். இரு குழுவுக்கும் குறைந்த கலோரி உணவு. ஒவ்வொரு வேளைக்கும் முன் அரை லீற்றர் தண்ணீர் குடித்த குழு இரண்டு கிலோ அளவில் கூடுதலாகக் குறைந்தது. 2015இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கு முன் குடிக்க வைத்தபோது வித்தியாசம் 1.3 கிலோ. பெரிய அதிசயம் ஒன்றுமில்லை, செலவில்லாத ஒன்றுக்கு அது போதும். நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கே இது கூடுதலாகக் கைகொடுக்கிறது. இளம் வயதில் இரைப்பை தண்ணீரை விரைவாகக் கீழே அனுப்பிவிடுவதால் பசி அவ்வளவாக அடங்காது.

இதை நம் நாளுக்குள் எங்கே செருகுவது? பாடசாலை 1.30க்கு விடும். ஆசிரியர்கள் வீடு சேர இரண்டு மணியாகும். அந்த நேரத்துப் பசியில் கோப்பையில் சோறு எவ்வளவு விழுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. மணி அடித்ததும் போத்தலில் மிஞ்சிய அரை லீற்றரை அங்கேயே குடித்துவிட்டுப் புறப்பட்டால் சோற்றுக்கு அரை மணி நேரம் முன்பு என்ற கணக்கு தானாகவே வந்துவிடும். ஒரே மூச்சில் குடிக்க வேண்டாம், பத்து நிமிடம் எடுங்கள். கோப்பையில் போடும் சோற்றையும் அன்றே ஒரு அகப்பை குறையுங்கள். தண்ணீர் குடித்துவிட்டுப் பழைய அளவையே போட்டால் பழைய அளவையே சாப்பிடுவோம். சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் சமிபாடு கெடும் என்ற பயம் தேவையில்லை. மெல்லாமல் ஒவ்வொரு வாய்ச் சோற்றையும் தண்ணீர் விட்டு இறக்குவதுதான் கூடாது, அதனால் வேகமாகவும் கூடுதலாகவும் சாப்பிட்டுவிடுவோம்.

நோன்பு காலத்தில் கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கம் இந்த ஒழுங்கு தலைகீழாகும். பகல் முழுக்கத் தண்ணீர் இல்லை. நோன்பு துறந்ததும் பாகும் டின் பாலும் விட்ட சர்பத்து இரண்டு கிளாஸ் போனால் அன்று மிச்சம் பிடித்த கலோரி அதிலேயே போய்விடும். பேரீச்சம்பழத்தோடு இரண்டு கிளாஸ் தண்ணீர், பிறகு கஞ்சி, படுக்கும் வரை மணிக்கு ஒரு கிளாஸ், விடியுமுன் ஸஹர் சாப்பாட்டில் இரண்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஸஹரில் ஒரு லீற்றரை ஒன்றாகக் குடித்து வைத்தால் அதில் பெரும்பகுதி எட்டு மணிக்குள் சிறுநீராகப் போய்விடும்.

மொத்தம் எவ்வளவு? நிழலில் வேலை செய்யும் வளர்ந்தவருக்கு இரண்டு லீற்றர் அளவு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இது போதாது, காய்ந்த காற்றில் வேர்வை தெரியாமலே போய்விடும். சிறுபோக அறுவடையில் நிற்பவர்கள் இருபது நிமிடத்துக்கு ஒரு கிளாஸ் குடிக்க வேண்டும். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை லீற்றரைத் தாண்டக் கூடாது, தாண்டினால் இரத்தத்தில் சோடியம் இறங்கித் தலையிடி, வாந்தி, மயக்கம் வரலாம். மணிக்கணக்கில் வேர்த்தால் இடையில் உப்புப் போட்ட கஞ்சியும் வேண்டும். மற்றபடி அளவுகோல் சிறுநீரின் நிறம்தான். வெளிர் மஞ்சள் போதும். விற்றமின் பி குளிசை எடுப்பவர்களுக்கு நிறம் கடுமையாகவே இருக்கும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கழிப்பறை வசதியில்லாத வேலையிடங்களில் பெண்கள் பகலில் தண்ணீரை அடக்கிவிட்டு இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு லீற்றர் குடிக்கிறார்கள். நித்திரை இரண்டு, மூன்று தடவை முறியும். நித்திரை குறைந்தால் அடுத்த நாள் பசியும் இனிப்பு ஆசையும் கூடும். இதில் குடிக்கும் பெண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை, கழிப்பறை கட்டித் தர வேண்டியவர் முதலாளி.

தராசில் ஏறுவதற்கும் ஒரு முறை உண்டு. ஒரு லீற்றர் குடித்தவுடன் நிறுத்தால் ஒரு கிலோ கூடித்தான் காட்டும். காலையில் சிறுநீர் கழித்த பின், எதுவும் குடிக்குமுன், வாரத்தில் ஒரே நாளில் நிறுங்கள். முதல் வாரம் இரண்டு கிலோ இறங்கினால் பெரும்பகுதி தண்ணீர்தான். உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்தான கிளைக்கோசன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அது செலவாகும்போது தண்ணீரும் சேர்ந்து வெளியேறும். முதல் நாள் கருவாடும் ஊறுகாயும் சாப்பிட்டிருந்தால் எடை ஏறும். மாதவிடாய்க்கு முந்திய நாட்களிலும் ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துவிட்டு சிறுநீர் போக்கும் குளிசையை வைத்தியர் எழுதாமல் வாங்கிப் போடுவது ஆபத்து. அது கொழுப்பில் ஒரு கிராமையும் தொடாது, பொற்றாசியத்தைத்தான் குலைக்கும்.

முயற்சி எதுவும் செய்யாமலே எடை இறங்குகிறது, தாகம் அடங்கவில்லை, இரவில் நாலைந்து தடவை எழும்ப வேண்டியிருக்கிறது என்றால் சந்தோஷப்படாமல் இரத்தச் சீனியைச் சோதியுங்கள்.

மேலே சொன்ன அளவுகள் எல்லோருக்குமானவை அல்ல. இதயம் பலவீனமானவர்கள், ஈரல் வருத்தத்தால் வயிற்றில் நீர் கட்டியவர்கள், முற்றிய சிறுநீரக நோயாளர்கள் கூடுதலாகக் குடித்தால் கால் வீங்கி மூச்சு முட்டும். காரணம் உறுதிப்படாத சிறுநீரக நோய் காணப்படும் இடங்களில் அம்பாறை மாவட்டத்தின் தெஹியத்தகண்டியவும் மகாஓயாவும் உண்டு என்பதால் இதை இங்கு சொல்லியே ஆக வேண்டும். முற்றிய சிறுநீரக நோயில் இளநீரின் பொற்றாசியமும் ஆகாது. வைத்தியர் ஒரு நாளைக்கு ஒரு லீற்றர் என்று அளவு தந்திருந்தால், காலையில் அந்த அளவைப் போத்தலில் நிரப்பி வையுங்கள். தேத்தண்ணியோ சொதியோ கஞ்சியோ எடுக்கும்போது அதே அளவைப் போத்தலிலிருந்து வேறு பாத்திரத்துக்கு ஊற்றிவிடுங்கள். போத்தலில் மிஞ்சுவதுதான் அன்று குடிக்க மீதமுள்ள தண்ணீர்.